சொந்த ஆலிவ் தோப்புக்குப் போகவும் பர்மிட்டா? மேற்குக் கரை பற்றி ஒரு கேள்வி

நெல்லை செல்வம்:
வணக்கம். காசா முற்றுகை பற்றி ஓரளவு படித்திருக்கிறேன். எனக்குப் பிடிபடாதது, 1967 முதல் இஸ்ரேல் ஆக்கிரமிப்பில் இருக்கும் பாலஸ்தீனர் பகுதியான மேற்குக் கரைதான். அங்கே விவசாயிகள் தங்கள் சொந்த நிலத்துக்குப் போகவே இஸ்ரேல் ராணுவத்திடம் அனுமதி வாங்க வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். வேறு நாட்டுக்குப் போக அனுமதி கேட்டால் சரி, பாட்டன் பூட்டன் காலத்துத் தோப்புக்குப் போக எதற்கு? நேரில் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

மேரி (பெர்கன்):
செல்வம் தம்பி, நான் பார்த்திருக்கிறேன். நோர்வேயிலிருந்து ஒரு திருச்சபை அமைப்பின் தன்னார்வலராகப் போய், ஆலிவ் அறுவடை நேரத்தில் கல்கீலியா பக்கத்துக் கிராமம் ஒன்றில் தங்கியிருந்தேன்.

இஸ்ரேலையும் மேற்குக் கரையையும் பிரிக்கும் 1949 போர்நிறுத்தக் கோட்டைப் ‘பச்சைக்கோடு’ என்பார்கள். 2002இல் இஸ்ரேல் வேலியும் சுவருமாக ஒரு தடுப்பு கட்டத் தொடங்கியது. அதை அந்தக் கோட்டின் மேலேயே கட்டியிருந்தால் உங்கள் கேள்விக்கே இடமில்லை. ஆனால் திட்டமிட்ட பாதையில் ஏறக்குறைய 85 சதவீதம் மேற்குக் கரைக்கு உள்ளே வளைந்து போகிறது. அதனால் பல ஊர்களில் வீடு இந்தப் பக்கம், தோப்பும் கிணறும் அந்தப் பக்கம். 2003 அக்டோபரில் வடக்குப் பகுதியில் அந்த இடைப்பட்ட நிலத்தை ராணுவம் மூடிய பகுதியாக அறிவித்தது. பர்மிட் வந்தது அப்படித்தான்.

வேலியில் ஆங்காங்கே விவசாயக் கேட்டுகள் இருக்கின்றன. நான் நின்ற கேட் காலை, மதியம், மாலை என்று கொஞ்ச நேரம்தான் திறக்கும். அறுவடை வாரங்களில் மட்டும் திறக்கும் கேட்டுகளும் உண்டு. விடியுமுன்பே கழுதை வண்டியும் டிராக்டருமாக வரிசை நிற்கும். சிப்பாய்கள் வந்து பூட்டைத் திறந்ததும் ஒவ்வொருவராக அடையாள அட்டையையும் பர்மிட்டையும் காட்டிப் போக வேண்டும். டிராக்டருக்கும் தனி அனுமதி.

ஒரு பெரியவரையும் அவர் மனைவியையும் மறக்க முடியவில்லை. இருவருக்கும் பர்மிட் கிடைத்திருந்தது. மகன்கள் இருவருக்கும் இல்லை, ‘பாதுகாப்புக் காரணம்’. அதற்கு மேல் விளக்கம் கிடையாது. ஆலிவ் அறுவடை குடும்பமே சேர்ந்து செய்கிற வேலை. மரத்தடியில் துணி விரிப்பார்கள், இளையவர்கள் ஏணியில் ஏறிக் கையால் உருவி உதிர்ப்பார்கள், பெரியவர்கள் கீழே இருந்து இலையும் குச்சியும் பொறுக்குவார்கள். எழுபது வயதில் அந்த மனிதர் ஏணியில் நின்றார். அம்மா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எட்டாத கிளையில் இருந்ததெல்லாம் மரத்திலேயே போயிற்று. மகன்கள் வீட்டு மாடியில் நின்று அதே தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவு பக்கம். வேலியை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இது தெரியாது: ஒரே குடும்பத்தில் யார் போகலாம், யார் கூடாது என்பதை எங்கோ ஓர் அலுவலகம் முடிவு செய்கிறது.

ரெஜினா சிஸ்டர்:
நோயாளிகள் விஷயத்திலும் இதேதான். ஜோர்டான் தலைநகர் அம்மானில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தேன். காசாவில் கதிர்வீச்சு சிகிச்சை கிடையாது. கிழக்கு ஜெருசலேம் அகஸ்டா விக்டோரியா மருத்துவமனைக்கோ ஜோர்டானுக்கோ வர வேண்டியிருந்தது, அதற்குக் காசாவிலிருந்து இஸ்ரேலுக்குள் போகும் எரெஸ் சாவடியைத் தாண்ட வேண்டியிருந்தது. புற்றுநோய்க் குழந்தையோடு பாட்டி வருவார். தாய்க்கு ஏன் வரவில்லை என்று கேட்டால் பர்மிட் கிடைக்கவில்லை என்பார். ஊசி போடும்போது அந்தப் பிள்ளை யாரைத் தேடி அழும்? 2017இல் காசா நோயாளிகள் போட்ட மனுக்களில் 54 சதவீதம்தான் நேரத்துக்கு ஒப்புதல் பெற்றன என்று உலக சுகாதார நிறுவனம் பதிவு செய்தது. இது போருக்கு முந்தைய கணக்கு.

கார்த்திக்:
மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இரண்டாம் இன்டிஃபாடா (2000இல் தொடங்கிய பாலஸ்தீனர் எழுச்சி) காலத்தில் பேருந்திலும் உணவகத்திலும் தற்கொலைக் குண்டு வெடித்து நூற்றுக்கணக்கான இஸ்ரேலியப் பொதுமக்கள் செத்தார்கள். தடுப்புக்குப் பிறகுதான் அது குறைந்தது என்கிறார்கள்.

மேரி (பெர்கன்):
அந்தச் சாவுகள் உண்மை, கார்த்திக். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் எந்தப் பக்கத்தில் இருந்தாலும் தாய்தான். ஆனால் தன் எல்லையில் வேலி போடுவது வேறு, அடுத்தவர் தோப்புக்கு நடுவே போடுவது வேறு. 2004 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் தன் ஆலோசனைக் கருத்தில் சொன்னதும் இதைத்தான்: ஆக்கிரமிக்கப்பட்ட நிலத்துக்குள் கட்டியது சர்வதேச சட்டத்துக்கு முரண். தடுப்பின் பாதை பல இடங்களில் யூதக் குடியேற்றங்களை உள்ளே இழுத்துக்கொள்ளத்தான் வளைகிறது. வரைபடத்தைப் பாருங்கள், தெரியும்.

நெல்லை செல்வம்:
நன்றி அக்கா. ஒரு சந்தேகம். இப்படிப் போக முடியாமல் நிலம் சும்மா கிடந்தால் என்ன ஆகும்?

மேரி (பெர்கன்):
அங்கே எல்லோருக்கும் உள்ள பயமே அதுதான், தம்பி. உழாவிட்டால் புல் மண்டும், கோடையில் தீப்பிடிக்கும், கவாத்து செய்யாத மரம் காய்க்காது. அதைவிடப் பெரிய ஆபத்து சட்டத்தில் இருக்கிறது. 1858ஆம் ஆண்டு ஒட்டோமான் நிலச் சட்டம் இன்னும் அங்கே செல்லுபடியாகிறது. மூன்று ஆண்டு தொடர்ந்து பயிரிடாத நிலத்தை அரசு நிலம் என்று அறிவிக்க அதில் வழி உண்டு. இஸ்ரேல் அதைக் காட்டியே நிறைய நிலத்தை எடுத்திருக்கிறது.

2023 அக்டோபர் 7 ஹமாஸ் தாக்குதலுக்குப் பிறகு நிலைமை இன்னும் மோசம். இஸ்ரேலுக்குள் வேலைக்குப் போய்வந்த ஏறக்குறைய 1,50,000 பேரின் பர்மிட் நிறுத்தப்பட்டது. விவசாயக் கேட்டுகளில் பெரும்பாலானவை மூடப்பட்டன, தடுப்புக்கு அப்பால் அந்த ஆண்டு அறுவடை கிட்டத்தட்ட நடக்கவேயில்லை. அந்தப் பெரியவரின் மூத்த மகன் வாட்ஸ்அப்பில் பேசினார். கூலி வேலையும் போய் எண்ணெயும் இல்லாமல் போனதால், வீட்டுக்கே கடையில் எண்ணெய் வாங்குகிறார்களாம். நிலப்பத்திர நகல்களை ஒரு வக்கீலிடம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். மறுபடியும் மனு போட்டிருக்கிறார்கள், இந்த முறை பேரன் பெயரையும் சேர்த்து.