கீழ் வீட்டு பாத்ரூமில் சாக்கடை வாடை: டைல்ஸ் உடைக்காமல் சரிசெய்ய வழி இருக்கா?

வணக்கம். மதுரை வில்லாபுரம் பக்கம் வாடகைக்கு விட்ட வீடு, கீழே ஒரு போர்ஷன், மாடியில் ஒன்று. கீழே குடியிருக்கும் அக்கா, பாத்ரூமில் அழுகின முட்டை வாடை போகவே மாட்டேங்குதுன்னு சொல்றாங்க. கைக்குழந்தை இருக்கிற வீடு, பினாயில் ஊத்துங்கன்னு தட்டிக்கழிக்க மனசு வரலை.

ராத்திரி நஹானி ட்ராப் (தரையில் தண்ணி போற ஓட்டைக்குக் கீழே, தண்ணி தேங்கி நின்னு சாக்கடை வாடையைத் தடுக்கிற கிண்ணம்), வாஷ்பேசின் குழாய் எல்லாத்தையும் பிளாஸ்டிக் கவர், டேப் போட்டு மூடி, காலையில் ஒவ்வொண்ணா திறந்து பார்த்தாச்சு. வாடை நஹானியில்தான். அதில் 50 மி.மீ. தண்ணி நிக்கணும், ஸ்கேல் விட்டா 15 தான். அரை வாளி ஊத்தினா வாடை நின்னுடுது. வெயிலில் வத்துறதா இருந்தா பல நாள் ஆகும். இங்கே மாடியில் ஃப்ளஷ் இழுத்ததும் கீழே களக் களக்னு சத்தம், உடனே மட்டம் இறங்குது. மேலிருந்து விழுற தண்ணி, காத்து கிடைக்காம ட்ராப் தண்ணியையும் சேர்த்து உறிஞ்சுது. காரணம், மாடி கழிவு இறங்குற 110 மி.மீ. குழாய் மொட்டைமாடிக்கு மேலே போகலை. மாடி கழிவறையோட முடிஞ்சு, மேல்வாய் மூடியிருக்கு.

அந்தக் குழாயை மேலே நீட்டி, காத்து போற ஓட்டையுள்ள தொப்பி போட்டா போதுமா? இல்லை, கீழ் ட்ராப்புக்குத் தனியா 50 மி.மீ. காத்துக்குழாய் வேணுமா? வெளிச்சுவர் வழியா செஞ்சவங்க கூலி எவ்வளவுன்னும் சொல்லுங்க. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்த்து ஊத்துற யோசனை மட்டும் வேண்டாம், குளோரின் வாயு வரும்.