அடுத்த மருந்து வேண்டாம் என்று நான் முடிவெடுக்கலாமா?

கேள்வி: கணக்கு ஆசிரியர்

எனக்கு வயது 63. பெருங்குடலில் தொடங்கிய புற்றுநோய் ஈரலுக்கும் நுரையீரலுக்கும் பரவி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. முதலில் கொடுத்த ஆக்ஸாலிபிளாட்டின் கீமோ என் விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்துவிட்டது. இன்றும் சட்டைப் பொத்தானை மனைவிதான் போட்டுவிடுகிறார். அதன் பிறகு 14 நாளுக்கு ஒரு சுற்று என்று இரினோடெகான் கீமோ நடந்தது. சென்ற வாரம் எடுத்த ஸ்கேனில் ஈரலில் உள்ள கட்டிகள் வளர்ந்திருக்கின்றன. இனி ரெகோராஃபெனிப் மாத்திரையைத் தொடங்கலாம் என்று மருத்துவர் சொல்கிறார்.

முப்பது ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்திய பழக்கம் விடவில்லை. நானாக எழுந்து குளித்து, ஒரு மணி நேரமாவது படிக்க முடிந்த நாளுக்கு நாட்காட்டியில் ஒரு வட்டம் போடுகிறேன்; முடியாத நாளுக்குப் பெருக்கல் குறி. இரண்டாவது கீமோ தொடங்கியபோது ஒரு சுற்றில் ஒன்பது வட்டங்கள் இருந்தன. கடைசிச் சுற்றில் மூன்றுதான்.

"மருந்து இருக்கும்போது யாராவது விடுவார்களா?" என்று மனைவியும் மகனும் கேட்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துப் போதும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வட்டங்கள் எத்தனையாகக் குறைந்தால் நிறுத்துவது நியாயம்? நிறுத்திவிட்டால் மருத்துவர்கள் என்னைக் கைவிட்டுவிடுவார்களா?

மறுமொழி: ஆதரவுச் சிகிச்சை மருத்துவர்

ஐயா, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். புற்றுநோய் மருந்தை நிறுத்துவதும் சிகிச்சையையே நிறுத்துவதும் ஒன்றல்ல. வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் மார்ஃபின், வயிற்றில் நீர் சேர்ந்தால் அதை வடிப்பது, எலும்பில் வலி வந்தால் ஒரே தடவையில் முடியும் கதிர்வீச்சு என எல்லாம் தொடரும். பாலியேட்டிவ் கேர் எனப்படும் இந்த ஆதரவுச் சிகிச்சை கடைசி வாரத்துக்கு மட்டும் உரியது என்று பலர் நினைக்கிறார்கள். முற்றிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2010-இல் வெளிவந்தது. வழக்கமான சிகிச்சையோடு இதையும் தொடக்கத்திலிருந்தே பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது. இறுதிக் காலத்தில் கடுமையான சிகிச்சையை எடுத்தவர்களும் அவர்களில் குறைவு. அப்படியிருந்தும் அவர்களின் இடைநிலை ஆயுள் 11.6 மாதங்கள், மற்றவர்களுடையது 8.9 மாதங்கள். ஒரே ஆய்வை வைத்து ஆயுள் கூடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் இதைத் தேர்ந்தெடுப்பவர் உயிரை விட்டுக்கொடுக்கிறார் என்ற பேச்சுக்கு அடிப்படை இல்லை.

இனி மாத்திரை. மற்ற மருந்துகள் கைகொடுக்காத 760 பேரிடம் நடந்த ரெகோராஃபெனிப் ஆய்வு 2013-இல் வெளிவந்தது. மருந்து எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 6.4 மாதங்கள், வெற்று மாத்திரை எடுத்தவர்களுடையது 5.0 மாதங்கள். இடைநிலை என்றால் பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் அதற்குக் கீழும் இருந்தார்கள் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கட்டி சுருங்கியது நூற்றில் ஒருவருக்குத்தான். வளர்ச்சியைச் சற்றுக் காலம் பிடித்து நிறுத்துவதே இதன் வேலை. கடும் சோர்வு வரலாம். உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, கொப்புளித்து வெடிக்கலாம். ஏற்கெனவே விரல் மரத்துப்போன உங்களுக்கு இது சிறிய விஷயம் அல்ல.

அந்த ஆய்வில் சேர்க்கப்பட்ட அனைவரும் ஓரளவு நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர்கள் என்பதையும் கவனியுங்கள். விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் படுக்கையிலோ நாற்காலியிலோ கழிகிறதா என்று நாங்கள் ஒவ்வொரு முறையும் கேட்போம். கழிகிறது என்றால், இத்தகைய மருந்தைக் கொடுக்கவே பெரும்பாலும் தயங்குவோம். நீங்கள் போடும் வட்டங்கள் ஏறக்குறைய அதே அளவுகோல்தான். இத்தனை வட்டங்கள் என்று எண்ணைச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது ஸ்கேனோடு அந்த நாட்காட்டியையும் எடுத்துச் செல்லுங்கள்.

மறுமொழி: கணையப் புற்றுநோயில் கணவரை இழந்தவர்

என் கணவர் இறப்பதற்கு ஒன்பது நாள் முன்பு வரை கீமோ எடுத்தார். கடைசி முறை நரம்பு கிடைக்காமல் நான்கு இடங்களில் குத்தினார்கள்; ஐந்தாவது முறைக்கு அவரே மறு கையின் சட்டையைச் சுருட்டிக் காட்டினார். அவர் விரும்புகிறார் என்று நினைத்து நான் வாய் திறக்கவில்லை. எனக்காகத்தான் போட்டுக்கொள்வதாக அவர் செவிலியரிடம் சொல்லியிருந்தது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பேச்சை நாங்கள் ஒரு முறைகூடப் பேசவில்லை. நீங்கள் போதும் என்ற சொல்லைச் சொல்ல வேண்டாம் ஐயா; நாட்காட்டியை உங்கள் மனைவியின் கையில் கொடுங்கள், போதும்.

மறுமொழி: மருந்தைத் தொடர்பவர்

நான் சற்று மாறுபடுகிறேன். நிறுத்தும் முன், மரபணுப் பிழைகளைச் சரிசெய்யும் திறனைக் கட்டி இழந்திருக்கிறதா என்று பார்க்கும் எம்.எஸ்.ஐ பரிசோதனையைக் கட்டித் திசுவில் செய்தார்களா என்று கேளுங்கள். எனக்கும் பெருங்குடல்தான், அந்த அறிக்கை கோப்பின் அடியில் யாரும் பாராமல் கிடந்தது. அதில் அந்தத் திறன் இழப்பு தெரிந்ததால், உடலின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் இம்யூனோதெரபி தொடங்கி மூன்றாண்டுகளாக நடமாடுகிறேன். பரவிய பெருங்குடல் புற்றுநோய் உள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் ஐந்து பேருக்குத்தான் இந்தக் கதவு திறக்கும். ஆனாலும் பூட்டியிருக்கிறதா என்று தள்ளிப் பார்ப்பதில் தவறில்லை. மாத்திரையையே எடுப்பதானாலும், குறைந்த அளவில் தொடங்கி வாரந்தோறும் கூட்டும் முறை உண்டு. ஒரு மாதம் பார்ப்போம், வட்டங்கள் இன்னும் குறைந்தால் விட்டுவிடுவோம் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம்.

மறுமொழி: கணக்கு ஆசிரியர்

மூவருக்கும் நன்றி. எம்.எஸ்.ஐ பரிசோதனை தொடக்கத்திலேயே செய்யப்பட்டிருக்கிறது. எனக்கு அந்தக் கதவு திறக்காது. ஒரு மாதச் சோதனை என்ற யோசனையை இரண்டு நாள் மனத்தில் போட்டுப் பார்த்தேன். இருக்கும் மூன்று வட்டங்களையும் பணயம் வைக்க எனக்கு விருப்பமில்லை.

நேற்று நாட்காட்டியை மனைவியிடம் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, இரண்டு பெருக்கல் குறிகள் தவறு என்றார். அந்த நாட்களில் நான் சிரித்தேனாம். பேனாவை எடுத்து அவற்றின் மேலேயே வட்டம் போட்டார். பிறகு, மாத்திரை வேண்டாம் என்றால் வேண்டாம் என்றார். மகன் இன்னும் ஒப்பவில்லை. புதன்கிழமை ஆதரவுச் சிகிச்சைப் பிரிவில் பார்க்க நேரம் கொடுத்திருக்கிறார்கள். அங்கே கேட்க வேண்டியதெல்லாம் தனக்கு இருக்கிறது என்று சொல்லி, அவனும் வருகிறான்.