மேலே வெள்ளி, கீழே கறுப்பு

(‘நம் வீடு’ வாட்ஸ்அப் குழு)

நான்: (படம்) பைக்குக்கு உயரமான ஹேண்டில்பார் மாட்டிவிட்டேன். பழைய பிரேக் குழாய் எட்டவில்லை என்று மேல்குழாயை மட்டும் புதிதாக வாங்கினேன். அது பளபளக்கும் எஃகுப் பின்னல். கீழே காலிப்பர்களுக்கு, அதாவது முன்சக்கரத்தின் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகங்களுக்கு, போகும் இரண்டும் கறுப்பு. கண்ணை உறுத்துகிறதா? ஒளிக்காமல் சொல்லுங்கள்.

செல்வி அக்கா: ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் ஷூ.

அத்தான்: எனக்கு எதுவும் தெரியவில்லை. இதில் எது குழாய்?

செல்வி அக்கா: இவரிடம் கேட்காதே. சுவருக்கு வேறு வண்ணம் அடித்ததையே நாலு நாள் கழித்துத்தான் கவனித்தார்.

அம்மா: பிரேக் பிடிக்கிறதா? முதலில் அதைச் சொல்.

நான்: இன்னும் பிரேக் ஆயில் ஊற்றவில்லை அம்மா. வண்டி நின்ற இடத்தில்தான் நிற்கிறது.

பெரியப்பா: கீழே இருப்பது ரப்பரா, பின்னலுக்கு மேல் கறுப்பு உறை போட்டதா?

நான்: உறை போட்டது, பெரியப்பா. நுனியில் உறை முடியும் இடத்தில் பின்னல் தெரிகிறது.

பெரியப்பா: அப்படியானால் உள்ளே இரண்டும் ஒன்றுதான். டெஃப்லான் குழாய், அதைச் சுற்றி எஃகுப் பின்னல். கறுப்பு வெறும் சட்டை. ரப்பராக இருந்தால்தான் யோசிக்க வேண்டும். லீவரை அழுத்தும்போது ரப்பர் கொஞ்சம் உப்பும், பிடி பஞ்சுபோல் இருக்கும். மேலே பின்னல் போட்டதன் பலனில் பாதி கீழே போய்விடும்.

நான்: அப்போது அழகு மட்டும்தான் கேள்வி.

பெரியப்பா: நிறம் மாறுவதில் தவறில்லை. எந்த இடத்தில் மாறுகிறது என்று பார். உன் மேல்குழாய், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் கீழ்க் கவ்விக்கு அடியில் இருக்கும் இணைப்புக் கட்டையில் முடிகிறது. இரண்டாகப் பிரிவதும் அங்கேதான். ஹெட்லைட்டுக்குப் பின்னால் அந்த இடத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? மேல்குழாய் க்ரோம் ஹேண்டில்பாரை ஒட்டி வருகிறது, கீழ்க்குழாய்கள் கறுப்பு ஃபோர்க்கை ஒட்டி இறங்குகின்றன. எனக்கு உறுத்தவில்லை.

செல்வி அக்கா: பெரியப்பா, படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கிளட்ச் கேபிள் கறுப்பு! ஹேண்டில்பாரில் வலப்பக்கம் வெள்ளி, இடப்பக்கம் கறுப்பு. நான் சொன்ன செருப்பும் ஷூவும் இதுதான். மேல், கீழ் பற்றி நான் பேசவே இல்லை.

பெரியப்பா: அட, ஆமாம். என் கண்ணில் படவில்லை. தம்பி, ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்தாயா? உறையில்லாத பின்னல் அரம் மாதிரி. பெயிண்டைத் தின்றுவிடும். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க் முழுக்க நீண்ட நிலையிலும் பார். அப்போதும் குழாய் விறைக்கக் கூடாது.

நான்: (படம்) பார்த்தேன். எங்கும் விறைக்கவில்லை. ஆனால் வலப்பக்கம் முழுக்கத் திருப்பினால் குழாய் வளைந்து டாங்கின் மூலையில் படுகிறது. முடி அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறது. நேற்று இரண்டு மூன்று முறை திருப்பியிருப்பேன், அவ்வளவுதான்.

அம்மா: புது டாங்கிலா!

செல்வி அக்கா: மேலேயும் கறுப்பு உறை போட்டதை வாங்கிவிடு. கேபிளோடும் சேர்ந்துவிடும், பெயிண்டும் பிழைக்கும்.

நான்: கண்ணாடி போன்ற உறை போட்டதும் கிடைக்கிறது. வெள்ளிப் பளபளப்பு போகாது.

பெரியப்பா: வெயிலில் நின்றால் நாளடைவில் மஞ்சளாகும். கறுப்பே வாங்கு. உறை இருக்கிறதே என்று டாங்கில் உரச விடாதே, ஒரு கிளிப் போட்டுத் தள்ளி நிறுத்து. குழாய் முனையை இறுக்கும் பான்ஜோ போல்ட் க்ரோமில் இருக்கட்டும், அது எடுப்பாக இருக்கும். ஆனால் 10 மி.மீ. என்று மட்டும் கேட்டு வாங்காதே. புரி இடைவெளி 1.0, 1.25 மி.மீ. என இரண்டு உண்டு. தவறானது ஒன்றிரண்டு சுற்று ஏறிவிட்டு இறுகும், பலம் போட்டால் அது ஏறும் அலுமினியப் பாகத்தின் புரி போய்விடும். வாஷர் போல்ட்டுக்கு இரண்டு, குழாய் முனையின் இருபுறமும். பழையதைத் திரும்பப் போடாதே.

நான்: பிரேக் ஆயில் மூடியில் அதன் வகை டாட் 4 என்று இருக்கிறது. அதையே ஊற்றுகிறேன்.

பெரியப்பா: சரி. டாட் 5 சிலிக்கோன் ஆயில், அது இதோடு சேராது. ஊற்றும்போது டாங்க்கின் மேல் துணி போடு. சொட்டு விழுந்தால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவு. அந்தக் கோடு போதும், பக்கத்தில் பெயிண்டும் உரிய வேண்டாம்.

செல்வி அக்கா: (படம்) இவருக்காகச் சிவப்பில் வட்டம் போட்டிருக்கிறேன்.

அத்தான்: இதுவா குழாய்? ஹாரன் வயர் என்று நினைத்தேன்.