9 மி.மீ. தைராய்டு கட்டி: ஆபரேஷனா, காத்திருப்பா?

மல்லிகைப்பந்தல்:
அம்மாவுக்கு 61 வயது. தலைசுற்றலுக்காகக் கழுத்தில் டாப்ளர் ஸ்கேன் எடுக்கப் போய், தைராய்டில் 9 மி.மீ. கட்டி தெரிந்தது. ஊசி போட்டுச் செல்களை எடுத்துப் பார்த்ததில் பெதஸ்டா 6 (ஆறு படி அளவுகோலில் கடைசிப் படி, புற்று ஏறக்குறைய உறுதி), பாப்பில்லரி என்ற வகைத் தைராய்டு புற்றுநோய். கழுத்தில் நெறி (நிணநீர்க் கணு) எதுவும் கட்டவில்லை. ஒரு டாக்டர் முழுச் சுரப்பியையும் எடுக்கச் சொல்கிறார், இன்னொருவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் போதும் என்கிறார். வீட்டில் இரண்டு கட்சி ஆகிவிட்டது.

தெற்குவீதி:
எடுத்துவிடுங்கள் அக்கா. என் மாமியாருக்கும் இப்படித்தான் காத்திருந்தோம். ஸ்கேன் தேதி நெருங்கினால் ஒரு வாரம் சோறு இறங்காது. கண்ணாடி முன் நின்று கழுத்தைத் தடவிக்கொண்டே இருப்பார். இரண்டாம் வருடம் எடுத்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினார்.

ஆற்றோரம்:
எனக்கு 2012-இல் முழுச் சுரப்பியையும் எடுத்தார்கள். மூன்றாம் நாள் விரலெல்லாம் மரமரத்து, டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. தைராய்டை ஒட்டி, ரத்தத்தில் கால்சியத்தைக் காக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் அடிபட்டுக் கால்சியம் இறங்கிவிட்டது. இன்றுவரை கால்சியம் மாத்திரையும், தைராக்ஸின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரையும் விடவில்லை. என் கட்டி 7 மி.மீ.தான்.

ஜப்பானில் கோபே நகரத்து குமா மருத்துவமனை 1993 முதல் 1 செ.மீ.க்கு உட்பட்ட இந்த வகைக் கட்டிகளை வெட்டாமல் கண்காணிக்கிறது. 10 ஆண்டுகளில் இருந்த அளவைவிட 3 மி.மீ.யோ அதற்கு மேலோ வளர்ந்தவை சுமார் 8 சதவீதம், நெறிக்குப் பரவியவை 4 சதவீதத்துக்கும் கீழே. அறுபது தாண்டியவர்களுக்கு வளர்வது இன்னும் குறைவு. தென்கொரியாவில் ஊரெல்லாம் ஸ்கேன் எடுத்ததில் 1993 முதல் 2011-க்குள் தைராய்டு புற்று 15 மடங்கு கூடியது. இறப்பு மட்டும் அப்படியே இருந்தது. கண்டுபிடித்ததால் கூடிய நோய் அது.

தெற்குவீதி:
குமாவில் எல்லாரையும் காத்திருக்க வைப்பதில்லையே! கட்டி மூச்சுக்குழாயை ஒட்டியோ, குரல் நரம்புப் பக்கமோ இருந்தால் அங்கேயும் ஆபரேஷன்தான். அப்புறம், அங்கே வருடக்கணக்காக ஒரே இடத்தில், கை பழகினவர்கள் அளக்கிறார்கள். இங்கே இந்த முறை ஒரு சென்டர், அடுத்த முறை இன்னொன்று. 2 மி.மீ. வித்தியாசம் வந்தால் வளர்ச்சியா, அளந்தவர் பிழையா?

ஆற்றோரம்:
அது சரி, முழுக்க ஒத்துக்கொள்கிறேன். அக்கா, கட்டி எங்கே இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். ஆபரேஷன்தான் என்று முடிவானாலும், ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் போதாதா என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். இந்த அளவுக் கட்டிக்குச் சுரப்பியில் பாதி எடுத்தாலே பெரும்பாலும் போதும். எதிர்ப்பக்கப் பாராதைராய்டும் தப்பிக்கும்.

தெற்குவீதி:
பாதி என்றால் எனக்கும் சம்மதம். ஆனால் அம்மாவையும் கேளுங்கள். காத்திருக்கப் போவது அவர்கள்தானே.

மல்லிகைப்பந்தல்:
ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். வலது மடலின் முன்பக்கம், மூச்சுக்குழாயை ஒட்டவில்லை என்று இருக்கிறது. நரம்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை. திங்கட்கிழமை அதைத்தான் முதலில் கேட்கப் போகிறேன். அம்மாவிடம் இப்போதுதான் கேட்டேன். "ஒரே ஆள் ஸ்கேன் எடுப்பதானால் நான் இருந்துகொள்வேன்" என்கிறார்.