தாமதமாகத் தெரிந்த பங்காளி இறப்பு: தீட்டை எந்த நாளிலிருந்து எண்ணுவது?

சிப்புட் மருமகள்:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் வசிக்கிறோம். என் மாமனாரின் அண்ணன் குடும்பம் பல ஆண்டுகளுக்கு முன்பே நாமக்கல்லுக்குத் திரும்பிவிட்டது. அந்தப் பெரியப்பாவின் மகன் இறந்த செய்தி, 13-ஆம் நாளான இந்த ஞாயிற்றுக்கிழமைதான் வாட்ஸ்அப் வழியாக எங்களுக்கு வந்தது. என் கணவர் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தீமிதிப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறார். வரும் வெள்ளிக்கிழமை காப்புக் கட்ட வேண்டும். செய்தி கேட்ட நாளிலிருந்து 16 நாள் எண்ண வேண்டும், ஆகவே இந்த ஆண்டு தீமிதி கூடாது என்கிறார் மாமியார். இறந்த நாளிலிருந்து எண்ணினால் புதன்கிழமையோடு முடிந்துவிடுகிறதே என்கிறார் கணவர். இவற்றில் எது முறை? செய்தி தெரியாத நாட்களில் நான் விளக்கேற்றியதும் முனியாண்டிக்குப் படையல் போட்டதும் குற்றமாகுமா?

கூலிம் வாசகர்:

வணக்கம் அம்மா. முதலில் உங்கள் கடைசிக் கேள்விக்குச் சொல்லிவிடுகிறேன்: தீட்டு, செய்தி காதில் விழுந்த பிறகுதான் ஒருவரைப் பிடிக்கும், தெரியாமல் ஏற்றிய விளக்குக்கும் போட்ட படையலுக்கும் பரிகாரம் எதுவும் தேவையில்லை.

தூர தேசத்தில் நேர்ந்த இறப்பைப் பற்றி மனுஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயம் நேராகவே பேசுகிறது. 10 நாளுக்குள் கேள்விப்பட்டால் மீதமுள்ள நாட்கள் மட்டும், 10 நாள் கடந்து கேள்விப்பட்டால் மூன்று இரவுகள், ஓராண்டு கடந்திருந்தால் தலைமுழுகினால் போதும் என்பது அதன் விதி. அதே நூல் வருணத்துக்கு ஏற்ப 10, 12, 15 நாள், ஒரு மாதம் என்று வேறுபடுத்தியும் சொல்கிறது. அந்தக் கணக்கை நம் தோட்டப்புறத்தில் யாரும் வைத்துப் பார்த்ததில்லை, பார்க்கவும் வேண்டாம். நம்மிடையே பெரும்பாலும் 16-ஆம் நாள் கருமக்கிரியையோடு தீட்டு கழிகிறது. அந்த வழக்கப்படி எண்ணினாலும் உங்களுக்கு மீதமிருப்பது மூன்று நாள்தான். நூலின்படி பார்த்தாலும் மூன்று இரவுதான். கேட்ட நாளிலிருந்து முழுதாக 16 நாள் என்பதற்கு இரண்டிலும் இடமில்லை.

ஒன்றை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். அவர் இரவில் இறந்திருந்தால் தேதி மாறக்கூடும். நாமக்கல்லில் செவ்வாய்க்கிழமை இரவு 10.30 என்றால் இங்கே புதன்கிழமை அதிகாலை 1.00 மணி. கொள்ளி வைத்தவர் வீட்டில் எந்த நாளைக் கருமக்கிரியைக்கு வைத்திருக்கிறார்களோ அதையே நீங்களும் பின்பற்றுவது நல்லது.

லயத்து அக்கா:

ஐயா சொன்ன கணக்கு சரிதான் தங்கச்சி, ஆனாலும் உங்கள் மாமியார் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. தீமிதிக்கும்போது யாருக்காவது கால் பொத்துப்போனால், விரதத்தில் என்ன குறை, வீட்டில் என்ன தீட்டு என்றுதான் ஊர் முதலில் கேட்கும். அந்தப் பேச்சு மகன்மேல் விழக்கூடாது என்றுதான் எந்தத் தாயும் நினைப்பாள். அவரிடம் நூலைக் காட்டி வாதாடுவதைவிட, புதன்கிழமை செய்ய வேண்டியதைக் குறைவில்லாமல் செய்து காட்டுங்கள். போர்வை, தலையணை உறை, பூசை அறைத் திரைச்சீலை எல்லாவற்றையும் துவைத்து, வீட்டைக் கழுவி, எல்லாரும் தலைக்கு ஊற்றிக்கொண்டு, மாவிலையால் மஞ்சள் நீரை மூலை முடுக்கெல்லாம் தெளியுங்கள். அதுவரை பூசை அறையை மூடியே வைத்திருங்கள். பங்காளி அல்லாத ஒருவரை அழைத்து விளக்கேற்றச் சொல்லும் வீடுகளும் உண்டு.

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், சாவு வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள்; பக்கத்து வீடுகளிலிருந்து சோறும் குழம்பும் வந்துவிடும். தாமானில் அடுத்த வீட்டுக்காரர் மலாய்க்காரராகவோ சீனராகவோ இருக்கும்போது இதெல்லாம் நடக்காது. ஆகவே இந்த நாட்களில் நீங்கள் உங்கள் வீட்டில் சமைப்பதைத் தவறென்று யாராவது சொன்னால் பொருட்படுத்த வேண்டாம். சாவு நடந்த வீடும் உங்கள் வீடு அன்று.

கோயில் தொண்டர்:

காப்புக் கட்டிய பிறகு வரும் தீட்டு, கட்டியவரைப் பிடிக்காது என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. அதனால்தான் திருவிழா நடுவில் பங்காளி இறந்தாலும் கரகம் எடுப்பவர் துக்க வீட்டுக்குப் போவதில்லை. உங்களுடையது காப்புக்கு முன்னால் வந்த தீட்டு. ஆகவே அது முழுதாகக் கழிந்தாக வேண்டும், அதில் சலுகை கிடையாது. கழிந்த பிறகு தடையும் கிடையாது. எனினும் இதைப் பூசாரியிடம் மறைக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காப்பைக் கட்டிவிடுபவர் அவர். அவர் மறுத்தால் வேண்டுதலை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாம், அம்மனிடம் சொல்லி மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தால் போதும்.

சிப்புட் மருமகள்:

மூவருக்கும் மிக்க நன்றி. நாமக்கல்லுக்குத் தொலைபேசியில் பேசினோம். இறந்தது பகலில்தான், கருமக்கிரியையும் புதன்கிழமையேதான். பூசாரியிடம் சொன்னதற்கு, வியாழக்கிழமை காலையில் கோயிலுக்கு வந்து தீர்த்தம் வாங்கிச் சென்று வீட்டில் தெளித்த பிறகு, வெள்ளிக்கிழமை காப்புக்கு வரலாம் என்றார். மாமியார் இன்னும் அரை மனதாகத்தான் இருக்கிறார். ஆனால் திரைச்சீலையை அவரே கழற்றி ஊறப்போட்டுவிட்டார்.