கிருஷ்ணம்மாள் – ஜெகந்நாதன்: பார்த்தவர்கள், பழகியவர்கள் சொல்வது

கீழ்வேளூர் பக்கத்திலிருந்து:

எங்கள் நிலத்தின் பத்திரம் என்னைப் பெற்ற அம்மா பேரில்தான் இருக்கிறது. ஒரு ஏக்கர் நஞ்சை, எங்கள் பக்கத்துக் கணக்கில் மூன்று மா. காந்தி வழியில் ஏழைகளின் நிலத்துக்காகப் பாடுபட்ட தம்பதி ஜெகந்நாதன் ஐயாவும் கிருஷ்ணம்மாள் அம்மாவும் 1981-இல் தொடங்கிய லாஃப்டி, அதாவது உழுபவனின் நில உரிமை இயக்கம், முன்நின்று வாங்கிக் கொடுத்தது. இனாமாக வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். விற்க மனமுள்ள மிராசுதாரிடம் போய்ப் பேசி விலையை முடிப்பார்கள், பேங்க்கில் கடனுக்கு ஏற்பாடு செய்வார்கள், குடும்பத்துக்கு ஒரு ஏக்கராகப் பிரித்துப் பெண்கள் பேரில் எழுதுவார்கள். கடனை விளைச்சலிலிருந்து நாங்கள்தான் அடைக்க வேண்டும். அடைத்தோம்.

பதிவு நடந்த அன்று நானும் கூடப் போயிருந்தேன். ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் எங்கள் தெரு நடவாட்கள் எல்லோரும் குந்தியிருந்தார்கள். கிருஷ்ணம்மாள் அம்மா கதர்ச் சேலையில், அவர்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொருவர் பெயரையும் கேட்டுக் கேட்டுக் காகிதத்தோடு ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் பின்னால் வழக்கு வரும் என்று அவருக்குத் தெரியும். என் அம்மா கைநாட்டு வைத்துவிட்டு, பெருவிரல் மையைச் சேலையில் துடைக்காமல் வீடு வரைக்கும் அப்படியே கொண்டுவந்தார்.

அன்றைக்கு ஐயா வரவில்லை. அவரைப் பிறகுதான் பார்த்தேன். இரண்டு பேரும் எவ்வளவு வேறுபட்டவர்கள் என்பது பெரியவனான பின்தான் புரிந்தது. ஐயா 1912-இல் ராமநாதபுரம் சீமையில் வசதியான வீட்டில் பிறந்தவர். காந்தி அழைத்தாரென்று 1930-இல் கல்லூரியை விட்டவர். கிருஷ்ணம்மாள் அம்மா 1926-இல் திண்டுக்கல் பக்கம் நிலமில்லாத தலித் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தாய் கூலி வேலை பார்த்துப் பிள்ளைகளை ஆளாக்கினார். ஐயா சொத்தை வேண்டாமென்று வந்தவர். அம்மா வீட்டில் வேண்டாமென்று சொல்ல ஒரு குழி நிலம்கூட இருந்ததில்லை. நாடு விடுதலை அடைந்த பிறகுதான் கல்யாணம் என்று இருந்து, 1950-இல் மணம் செய்துகொண்டார்கள். சாதி வேறு, வசதி வேறு, வயதில் 14 வருஷ இடைவெளி. அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள்.

கல்யாணம் ஆன கையோடு பிரிவும் வந்தது. நிலமில்லாதவர்களுக்காக நிலம் உள்ளவர்களிடம் தானம் கேட்டு வினோபா பாவே நடந்த பூதான நடைக்கு ஐயா வடக்கே போனார், அம்மா சென்னையில் ஆசிரியர் பயிற்சி படித்து முடித்தார். ஐயா திரும்பி வந்தபின் இருவருமாகத் தமிழ்நாட்டில் ஊர் ஊராக நடந்து நிலம் கேட்டார்கள். 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணியில் தலித் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்ட பிறகு, கீழத்தஞ்சைக்கு, அதாவது இன்றைய நாகை, திருவாரூர் பக்கம் வந்தவர்கள், எங்கள் மண்ணைக் கைவிடவே இல்லை. மிராசுதார் மனசு எப்படி ஓடும் என்று ஐயாவுக்குப் பிறப்பிலேயே தெரியும், பசித்த வயிறு எப்படி இருக்கும் என்று அம்மாவுக்குத் தெரியும். இரண்டு அறிவும் ஒரே வீட்டில் இருந்ததால்தான் எங்களுக்கு நிலம் கிடைத்தது என்பது என் திடமான எண்ணம்.

நாகை கடலோரத்திலிருந்து:

மேலே எழுதியவர் அம்மாவைப் பற்றி அதிகம் சொல்லியிருக்கிறார். ஐயாவைப் பற்றி நான் சொல்கிறேன். தொண்ணூறுகளில் எங்கள் பக்கம் கம்பெனிகள் வந்து நெல் விளைந்த வயலை வாங்கி இறால் குட்டை வெட்டின. கடல் தண்ணீரை மோட்டார் வைத்து உள்ளே இழுத்தார்கள். உப்பு ஊறி ஊறி, குடிதண்ணீர்க் கிணறு வாயில் வைக்க முடியாமல் போயிற்று. பக்கத்து வயல் பயிர் நுனியிலிருந்து கருகியது. நட்டுப் பிழைத்த பெண்களுக்குக் குட்டையில் வேலை கிடையாது.

அப்போது ஐயாவுக்கு எண்பது வயதைத் தாண்டிவிட்டது. அந்த வயதில் ஊர் ஊராக நடந்தார், சத்தியாகிரகம் இருந்தார், உச்ச நீதிமன்றத்துக்கும் போனார். நான் பார்த்த நடைபயணத்தில் ஐயா முன்னால் போனார், அதிகம் பேசவில்லை. அம்மா பெண்களோடு பேசிக்கொண்டே கடைசியில் வந்தார். பாதி வழியில் வள்ளலாரின் அருட்பெருஞ்சோதியைப் பாட ஆரம்பித்தார், கூட வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். ஐயா அப்படியே நின்று, அவர்கள் வந்து சேரும் வரை காத்திருந்து, பிறகு நடந்தார். இந்த ஒன்றைத்தான் நான் சொல்ல வந்தேன்.

1996 டிசம்பர் 11-இல் தீர்ப்பு வந்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் இறால் குட்டைகளை அகற்றச் சொன்னது, பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. வழக்கின் பெயரே ‘ஜெகந்நாதன் எதிர் இந்திய ஒன்றியம்’. சொன்னதெல்லாம் நடைமுறைக்கு வரவில்லை என்ற ஆதங்கம் எங்களுக்கு இன்னும் உண்டு. ஆனாலும் சட்டம் படிக்கும் பிள்ளைகள் அந்தப் பெயரைப் படிக்கிறார்கள் என்பதில் எனக்குப் பெருமைதான்.

திண்டுக்கல்லிலிருந்து:

2008-இல் ‘மாற்று நோபல்’ என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது இருவருக்கும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. ‘இரண்டு நீண்ட ஆயுட்கால உழைப்பு’ என்று அதில் குறிப்பிட்டிருந்தார்கள். ஐயா 2013 பிப்ரவரி 12-இல், நூறு வயது கண்டு மறைந்தார். 62 வருஷத் தாம்பத்தியம். அதற்குப் பிறகும் அம்மா வீட்டோடு முடங்கவில்லை. குடிசைகளுக்குப் பதிலாகக் கல் வீடு கட்டித் தரும் வேலையை விடாமல் பார்த்தார். 2020-இல் பத்மபூஷண் அறிவித்தார்கள்.

கீழத்தஞ்சைக்குப் போவதற்கு முந்தைய கதை இங்கே குறைவாக இருக்கிறது. மதுரை, திண்டுக்கல் ஊர்களில் இவர்களோடு பூதான நடை நடந்த தாத்தா பாட்டி யாராவது வீட்டில் இருந்தால், இந்த வாரமே உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். எந்த ஊரில் தங்கினார்கள், யார் சோறு போட்டார்கள், எவ்வளவு நிலம் கிடைத்தது, அது இப்போது யார் கையில் இருக்கிறது, எல்லாம் வேண்டும்.