குடித்து ஓட்டிக் கொன்றவன் தரும் பணத்தைக் குழந்தைக்காக வாங்கலாமா?

டெக்சாஸ் சித்தி:
அக்காவும் மாமாவும் போன வருஷம் இறந்துவிட்டார்கள். குடித்துவிட்டு எதிர்த் தடத்தில் வந்தவன் மோதிவிட்டான். அவர்கள் பையனுக்கு இப்போது 9 வயது, என்னிடம்தான் வளர்கிறான். வழக்கில் தண்டனை அறிவிக்கும் நாள் நெருங்குகிறது. பையனுக்கு ஆகும் செலவை எழுதித் தரச் சொல்லி அரசு வக்கீல் கேட்டிருக்கிறார். மோதியவன் மாதாமாதம் பணம் கட்டவேண்டும் என்று நீதிபதி ஆணையிடுவாராம்.

எழுத உட்கார்ந்தேன். பள்ளி விட்டதும் பார்த்துக்கொள்ளும் இடம், மனநல ஆலோசகர், பல் கிளிப், ஷூ (வாங்கிக் கொஞ்ச நாளிலேயே விரல் முட்டுகிறது). பக்கத்தில் இருந்த அம்மா, "கொன்னவன் காசுல என் பேரன் ஒரு வாய் சாப்பிடக்கூடாது" என்று எழுந்து போய்விட்டார். அம்மா சொல்வதை என்னால் தள்ளவும் முடியவில்லை. அவன் உள்ளே போனால் வெளியே வருவதற்குள் இவன் வளர்ந்துவிடுவான். அப்புறம் இதெல்லாம் எதற்கு?

வக்கீல் ஆபீஸ்காரன்:
சகோதரி, முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். குடித்து ஓட்டிப் பெற்றோரைக் கொன்றவன் அவர்கள் பிள்ளையின் செலவுக்கு மாதாமாதம் பணம் கட்டவேண்டும் என்ற சட்டம் டென்னசி மாநிலத்தில் 2023 ஜனவரியிலும் டெக்சாஸில் அதே வருஷம் செப்டம்பர் 1 அன்றும் நடைமுறைக்கு வந்தது. மிசௌரியில் மகன் குடும்பத்தை இப்படிப் பறிகொடுத்த ஒரு பாட்டி, அனாதையான பேரப்பிள்ளைகளுக்காகத் தொடங்கிய போராட்டம்தான் இதற்கு வழிவிட்டது. குழந்தைக்கு 18 வயது ஆகும்வரை, அல்லது பள்ளிப் படிப்பு முடியும்வரை, இரண்டில் எது பிந்தியதோ அதுவரை கணக்கு ஓடும்.

டெக்சாஸில் இந்தக் குற்றத்துக்கு 2 முதல் 20 வருஷம் வரை சிறை. கட்ட வழியில்லாமல் உள்ளே இருந்தால், விடுதலையாகி ஒரு வருஷத்துக்குள் கட்டத் தொடங்க வேண்டும். அதற்குள் பையன் பெரியவனாகிவிட்டாலும் பாக்கி தள்ளுபடி ஆகாது. ஆகவே "வளர்ந்துவிடுவான்" என்பதற்காக விட்டுவிடாதீர்கள். அந்தப் பாக்கி அவன் கல்லூரிக்கு உதவும்.

ஓர் அப்பா:
எனக்கு நம்பிக்கை இல்லை. சிறையிலிருந்து வருகிறவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? ஒரு மாதம் வரும், மூன்று மாதம் வராது. ஒவ்வொரு தடவையும் உங்களுக்குப் புண் கிளறப்படும். மோதியவனின் வண்டிக் காப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு முடித்துவிடுவதே நிம்மதி.

அப்பா இல்லாமல் வளர்ந்தவள்:
அக்கா, என் அப்பாவும் இப்படித்தான் போனார். அப்போது இந்தச் சட்டம் இல்லை. மேலே எழுதியவர் சொன்ன காப்பீட்டுப் பணத்தை அம்மா வாங்கினார், அது வீட்டுக் கடனுக்கே சரியாகப் போனது. டெக்சாஸில் கட்டாயக் காப்பீட்டின் குறைந்த அளவு ஒருவருக்கு 30,000 டாலர், ஒரு விபத்துக்கு மொத்தமே 60,000. ஒன்பது வருஷம் ஒரு பிள்ளையை வளர்க்க அது எந்த மூலைக்கு?

அம்மா இரண்டு வேலை பார்த்தார். இரவு வேலைக்குக் கிளம்பும்போது நான் கதவிடுக்கில் கையை நீட்டி அவர் புடவை முந்தானையைப் பிடித்துக்கொள்வேன். அப்பாவைக் கொன்றவன் தண்டனை முடிந்து வீட்டுக்குப் போனான். எங்கள் வீட்டில் தண்டனை முடியவே இல்லை. பணம் வந்திருந்தால் அம்மாவாவது ராத்திரியில் பக்கத்தில் இருந்திருப்பார். எனக்கு இன்றும் ஆறாதது அதுதான்.

உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள், அது அவன் காசு இல்லை. அக்காவும் மாமாவும் சம்பாதித்துப் பிள்ளைக்குக் கொடுத்திருக்க வேண்டியதை அவன் பறித்தான், அதைத் திருப்பிக் கட்டுகிறான். பையன் பேரில் தனிக் கணக்கு தொடங்கிவிடுங்கள். யாரிடமிருந்து வருகிறது என்பதை அவன் கேட்கிற வயதில் சொன்னால் போதும்.

டெக்சாஸ் சித்தி:
இதைப் படித்து அழுதுவிட்டேன் தங்கச்சி. அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கொஞ்ச நேரம் கழித்து, "கராத்தே வகுப்பை எழுதினியா, அவங்கப்பா சேர்த்துவிட்டது" என்றார். எழுதிவிட்டேன். வக்கீல் ஆபீஸ் அண்ணா, நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்கும் போடலாம் என்கிறார்கள். இரண்டும் சேர்ந்து நடக்குமா?

வக்கீல் ஆபீஸ்காரன்:
இரண்டும் நடக்கலாம்.  ஆனால் இந்த ஆணைப்படி அவன் கட்டும் தொகை சிவில் தீர்ப்புத் தொகையில் கழிக்கப்படும். எனவே எதிலும் கையெழுத்துப் போடுமுன் இரண்டு வக்கீல்களையும் பேசிக்கொள்ளச் சொல்லுங்கள். இன்னொன்று, அவன் திவால் மனு போட்டாலும் குடித்து ஓட்டி உயிரைப் பறித்ததால் வந்த கடன் அழியாது. இது நாடு முழுக்கப் பொருந்தும் சட்டம்.